நாகர்கோவில் – சென்னை, கடற்கரை வழி, 8 நாள்: பழைய ஹைபிரிட் சைக்கிள் தாங்குமா? என்னென்ன செய்யணும்?

குளச்சல்_ஹைபிரிட்:

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் கழிந்ததும் நாகர்கோவிலில் கிளம்பி கன்னியாகுமரி, உவரி, திருச்செந்தூர், தூத்துக்குடி, ராமநாதபுரம், தொண்டி, நாகப்பட்டினம், புதுச்சேரி வழியாகச் சென்னை போகத் திட்டம். 800 கி.மீ. பக்கம் வரும். நாளுக்கு நூறு என்று கணக்கு. இன்னும் ஏழு வாரம் இருக்கு.

சைக்கிள் விவரம்: நாலு வருஷப் பழைய ஹைபிரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை), அலுமினிய பிரேம், 700×35 டயர், முன்னால் 3 பின்னால் 8 கியர், கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக், சக்கரத்துக்கு 32 கம்பி. கடலில் இருந்து அரை கி.மீ. தூரத்தில் வீட்டுத் திண்ணையில்தான் நிற்கும். என் எடை 72 கிலோ, சாமான் 9 அல்லது 10 கிலோ வரும்.

ரோடு பைக் (மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டிலும் உள்ள வேகச் சைக்கிள்) ஒன்று வாங்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். வாங்கணுமா, இதையே தேற்றலாமா? டயர், பை, கருவிகள் பற்றியும் சொல்லுங்க.

தோவாளை_காற்று:

வாங்க வேண்டாம். நீங்க சொன்ன வழி முழுக்கச் சமதரை, எடை குறைந்த பிரேம் அங்கே பெரிதாக எதுவும் சம்பாதித்துத் தராது. ரோடு பைக் பலவற்றில் 28 மி.மீ. அகலத்துக்கு மேல் டயர் நுழையாது, கேரியர் மாட்டத் துளையும் இருக்காது. உங்க சைக்கிளில் இரண்டுமே இருக்கும். புது சைக்கிளுக்கு எடுத்து வைத்த காசில் கொஞ்சத்தைப் பின் சக்கரத்திலும் டயரிலும் போடுங்க. வழியில் ஆளை உட்கார வைப்பது இந்த இரண்டும்தான்.

பின் சக்கரத்தில் பல்சக்கர அடுக்குக்கு இடம் விடுவதற்காக ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) செயின் பக்க விளிம்பு உள்ளே தள்ளி இருக்கும். அதனால் அந்தப் பக்கத்துக் கம்பிகளில் இழுப்பு அதிகம், எதிர்ப்பக்கத்தில் ஏறக்குறைய பாதிதான். மெஷினில் கட்டி வரும் சக்கரத்தில் கம்பிக்குக் கம்பி இழுப்பு வேறு மாறிக் கிடக்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நெகிழ்ந்து மறுபடி இறுகும். இது லட்சக்கணக்கான தடவை நடந்தபின், ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில் முறிந்துவிடும். சாமான் ஏற்றினால் அந்த நாள் சீக்கிரம் வரும். ஒன்று முறிந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் பாரத்தையும் சுமக்கும், பிறகு வரிசையாகப் போகும்.

சோதிப்பது சுலபம். சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஒரே பக்கத்துக் கம்பிகளை நகத்தால் ஒவ்வொன்றாக மீட்டுங்க. எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் கேட்கணும். ‘தொப்’ என்று சத்தம் வரும் கம்பி தளர்ந்திருக்கு. கடையில் "கோட்டம் எடுங்க" என்று மட்டும் சொன்னால் ரிம் நேராக ஓடும்வரை திருகிவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். ரிம் நேராக ஓடும், உள்ளே இழுப்பு தாறுமாறாகவே இருக்கும். "ஒரே பக்கத்துக் கம்பி எல்லாத்துக்கும் இழுப்பு சமமா வேணும்" என்று கேட்டு வாங்குங்க. வேலை முடிந்ததும் இணையாக ஓடும் இரண்டிரண்டு கம்பியைக் கையில் சேர்த்துப் பிடித்து, சுற்றிலும் ஒருமுறை பலமாக அழுத்தணும். முறுக்கிக்கொண்டு நின்ற கம்பிகள் ‘டிக் டிக்’ என்று அமரும். அதன்பிறகு ஒரு தடவை கோட்டம் பார்த்தால் சக்கரம் வெகுதூரம் நிற்கும்.

மாற்றுக் கம்பி கண்டிப்பாக வேணும். செயின் பக்கத்துக் கம்பி மறுபக்கத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டையாக இருக்கும், எனவே இரண்டு பக்கமும் தனித்தனியே அளந்து, பக்கத்துக்கு இரண்டு வாங்கி, சக்கரத்தில் இருந்து பெடலுக்கு ஓடும் பிரேம் குழாயில் டேப் போட்டு ஒட்டிவிடுங்க. கம்பி திருகும் சாவி ஒன்று.

டயர்: 35ஐ மாற்றாதீங்க, உள்ளே பாதுகாப்புப் பட்டை உள்ள ரகமாக எடுங்க. ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் டயரில் 3 மி.மீ. பட்டை, மாரத்தான் பிளஸில் 5 மி.மீ. பிளஸ் ஒரு டயரே 900 கிராம் பக்கம் வரும், ஓட்டும்போது கனம் தெரியும். உவரி தாண்டித் தேரிக்காட்டு (செம்மணல் மேடு) ஓரமும், தூத்துக்குடியில் இருந்து ராமநாதபுரம் வரையும் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும். அதற்குச் சாதா மாரத்தானே போதும் என்பது என் கருத்து. முள்ளைவிட மோசம் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய எஃகு நரம்பு. கண்ணுக்குத் தெரியாது, அரை மணி நேரம் மெதுவாகக் காற்று இறங்கும், டியூபை மாற்றினால் மறுபடி இறங்கும். பஞ்சர் ஆனால் டியூபை டயரோடு வால்வுக்கு நேராக வைத்து, ஓட்டை எந்த இடம் என்று பார்த்து, டயருக்குள் பழைய துணியை ஓட்டுங்க. நரம்பு இருந்தால் துணி மாட்டும். விரலை ஓட்டினால் கிழியும்.

காற்று: உங்க எடைக்கும் சாமானுக்கும் பின்னால் 60 முதல் 65 பிஎஸ்ஐ, முன்னால் 45 முதல் 50. டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு அடித்தால் ரோட்டுக் குலுக்கல் முழுவதும் கைக்கும் கம்பிக்கும் போகும். குறைத்தால் குழியில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கொத்தியது போல இரட்டை ஓட்டை விழும்.

முட்டம்_உப்புக்காத்து:

தம்பி, தோவாளைக்காரர் சொன்னது எல்லாம் சரி. ஆனா நாலு வருசம் கடற்கரைத் திண்ணையில நின்ன சைக்கிள்னா முதல்ல பாக்க வேண்டியது துருவும் பிடிப்பும். டயர் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. கழறாத போல்ட்டு ஒண்ணு இருந்தாலும் மத்த வேலை எல்லாம் நின்னு போகும்.

சீட்டுக் குழாயைக் கழற்றுங்க. கழறுதா? அலுமினியத்துல இரும்பு போல்ட்டு, நடுவுல உப்பு ஈரம், இது மூணும் சேந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். அசையலைன்னா துரு இளக்குற எண்ணெயை விளிம்பச் சுத்தி ஊத்தி ராத்திரி முழுக்க விடுங்க, மறுநாள் சீட்டைப் பிடிச்சு இடவலமா அசைங்க. நீளக் குழாயை மாட்டித் திருகாதீங்க, பிரேம் கிழிஞ்சிரும். வெளிய வந்ததும் துணியால ரெண்டு பக்கமும் துடைச்சு, கிரீஸ் தடவி உள்ள விடுங்க. கழற்றுறதுக்கு முன்னால உயரத்துக்கு ஒரு டேப்பு சுத்தி அடையாளம் வச்சுக்கிடணும்.

அடுத்து பெடல். வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கமாத் திருப்பினா கழறும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலப்பக்கமாத் திருப்பணும். இதைத் தெரியாம மல்லுக்கட்டி கிராங்க் (பெடல் மாட்டுற கை) மரையை அழிச்சவங்க நிறைய. கிரீஸ் போட்டு மாட்டுங்க. கேரியர் போல்ட்டு, பாட்டில் கூடு போல்ட்டு, ஹேண்டில் போல்ட்டு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து கிரீஸ் வச்சு இறுக்குங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல கழற்ற வேண்டாம்.

கேபிள் எல்லாத்தையும் மாத்திருங்க, யோசிக்கவே வேண்டாம். நல்லா இருக்குற மாதிரிதான் தெரியும். பின் கியருக்கு வளைஞ்சு போற கடைசித் துண்டு உறைக்குள்ளதான் துரு உக்காந்திருக்கும். கியர் பெரிய பல்சக்கரத்துக்குச் சட்டுனு ஏறி, சின்னதுக்கு இறங்க மறுத்தா காரணம் அதுதான். உள் கேபிள் கியருக்கு 1.2 மி.மீ. பிரேக்குக்கு அதைவிடத் தடிமன். நேர் ஹேண்டில் பிரேக் கேபிளுக்குத் தலை உருளையா இருக்கும், ரோடு பைக்குக்குப் பேரிக்காய் மாதிரி. கடையில தலையைக் காட்டி வாங்குங்க.

செயினை எஃகு ஸ்கேல் வச்சு அளங்க. ஒரு பின்னோட நடுவுல ஸ்கேலோட பூஜ்யத்தை வச்சு, அடுத்த பின்ல இருந்து எண்ணினா 24வது பின்னோட நடு சரியா 12 அங்குலத்துல நிக்கணும். அரைக்கால் அங்குலத்துல பாதி, அதாவது 1/16 தாண்டி நின்னா செயின் மாத்தணும். 1/8 தாண்டியிருந்தா பின் பல்சக்கரமும் தேஞ்சிருக்கும், புதுச் செயின் அதுல மிதிக்கிறப்ப வழுக்கும். அதனால செயினைக் கிளம்புற வாரத்துல மாத்தக் கூடாது. மாத்தி 200 கி.மீ. ஓட்டிப் பாத்திருக்கணும்.

எண்ணெய் விசயம்: தேங்காய் எண்ணெயும் வேண்டாம், வண்டிக் கழிவு ஆயிலும் வேண்டாம். முதல்ல சொன்னது மண்ணோட சேந்து பிசினாகும், ரெண்டாவதுல இரும்புத்தூள் இருக்கும். டபிள்யூடி-40 துடைக்க நல்லது, ஓட்டத்துக்கு நிக்காது. சைக்கிள் செயினுக்குன்னு விக்கிற எண்ணெயை உருளைக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, பத்து நிமிசம் கழிச்சு வெளிப்புறத்தை வறண்ட துணியால நல்லாத் துடைச்சு எடுக்கணும். வெளிய மினுமினுன்னு இருந்தா தேரி மணல் பூராவும் அதுலதான் ஒட்டும். வழியில ரெண்டு நாளைக்கு ஒருக்கா துடைச்சு எண்ணெய் விட்டாப் போதும். ஸ்பிரே எண்ணெயை டிஸ்க் பக்கம் கொண்டு போகவே கூடாது, ஒரு துளி பட்டாலும் பிரேக் பேடு வீண்.

பிரேக்குல ஒரு சமாச்சாரம். கேபிள் டிஸ்க் பிரேக்குல பெரும்பாலும் வெளிப்பக்கப் பேடு மட்டும்தான் நகரும், சக்கரத்துப் பக்கம் உள்ளது அசையாது. அசையாத பேடைத் திருகு வச்சு டிஸ்க்கை உரசாம உரசுற தூரத்துக்குக் கொண்டு வந்து வைக்கணும். இல்லேன்னா ஒவ்வொரு பிடிக்கும் டிஸ்க் வளைஞ்சு வளைஞ்சு கொடுக்கும், பிடியும் நிக்காது. பேடுல உரசுற பொருள் அரை மி.மீ.க்கு வந்துட்டா மாத்திருங்க.

ரப்பர்தோட்டம்_29:

ரிம் ஏற்றதாக இருந்தால் டியூப்லெஸ் போடலாமே? முள்ளுக்கு அதைவிட நல்லது இல்லை. உள்ளே ஊற்றும் பால் போன்ற அடைப்புத் திரவம் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும்.

தோவாளை_காற்று:

முள்ளுக்குச் சரி. ஆனால் அவர் ரிம் டியூப்லெஸுக்காகச் செய்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு, வெறும் டேப் ஒட்டி 60 பிஎஸ்ஐ ஏற்றுவது ஆபத்து. அந்தப் பால் நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். டயர் விளிம்பு ரிம்மில் இருந்து பெயர்ந்தால் மறுபடி உட்கார வைக்க ஒரே மூச்சில் நிறையக் காற்று வேணும், கைப்பம்பில் வராது. முதல் நெடும்பயணத்துக்கு டியூப்தான். இரண்டு புது டியூப், ஒட்டுத் துண்டு, பிரிக்காத சொல்யூஷன் ஒன்று. பிரித்த சொல்யூஷன் ஒரு மாதத்தில் உள்ளேயே காய்ந்திருக்கும்.

ஒட்டுவதில் நடக்கும் தவறு அவசரம்தான். உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, துண்டைவிடப் பெரிய வட்டத்துக்குச் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, ஈரம் மங்கினபிறகு ஒட்டணும். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் நழுவிவிடும்.

கைப்பிடி_அக்கா:

சைக்கிளைப் பற்றி எல்லாரும் சொல்லிட்டாங்க. ஆளும் சைக்கிளும் தொடுகிற மூன்று இடத்தை யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் நிறுத்துகிறவர்களில் பலர் நிறுத்துவது முழங்கால், உட்காரும் இடம், கை மரத்துப் போவது இதனால்தான்.

சீட்டு உயரம்: செருப்பில்லாமல் சுவரோடு நின்று, ஒரு கனமான புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே அழுத்தி, தரையில் இருந்து அளவெடுங்க. அதை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் சுழலும் அச்சின் நடுவில் இருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வரும் தூரம். 80 செ.மீ. என்றால் 70.6. இது தொடக்கப் புள்ளி மட்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம் அதிகம், இடுப்பு இடவலமாக ஆடினாலும் உயரம் அதிகம். ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் மாற்றாதீங்க, மாற்றினபின் குறைந்தது 40 கி.மீ. ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்க.

ஜெல் வைத்த அகலச் சீட்டு கடையில் அமுக்கிப் பார்க்கச் சுகம். இரண்டு மணி நேரம் கழிந்தால் உட்காரும் எலும்பு அதில் புதைந்து, நடுப்பகுதி மேலே முட்டும், தொடை உரசும். கொஞ்சம் கெட்டியான, எலும்பு அகலத்துக்கு ஏற்ற சீட்டு நல்லது. நுனியைச் சமமாக வைங்க. நுனி கீழே சாய்ந்தால் உடம்பு முன்னால் வழுகி முழுப் பாரமும் உள்ளங்கைக்கு வரும்.

நேர் ஹேண்டிலில் கை வைக்க ஒரே இடம்தான், அதனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கும். ரோடு பைக் வாங்கச் சொல்வதில் நியாயமான காரணம் இது ஒன்றுதான். அதற்கு நுனியில் மாட்டும் சின்னக் கொம்பு ஒரு ஜோடியும், உள்ளங்கையைத் தாங்கும் தட்டையான கைப்பிடியும் போதும். பேடு வைத்த அரைக்கால் சட்டை இரண்டு, உள்ளே வேறு துணி எதுவும் கூடாது, தையல் உரசி முதல் நாளே புண்ணாகும். தினமும் துவைத்து முழுக்கக் காய்ந்ததைத்தான் போடணும்.

குளச்சல்_ஹைபிரிட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சீட்டுக் குழாய் கழன்றுவிட்டது. ஒரு சந்தேகம்: பின்பக்கப் பல்சக்கர அடுக்கு ஹப்பில் செருகி மாட்டும் கேசட்டா, திருகி மாட்டும் பிரீவீலா என்று கடையில் கேட்டார்கள். எப்படிப் பார்ப்பது? அதனால் என்ன வித்தியாசம்?

தோவாளை_காற்று:

சக்கரத்தைக் கழற்றி வைத்துப் பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்க. நடுவில் கருவி மாட்டும் பல்வெட்டு உள்ள வளையமும் சேர்ந்து சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி நடு வளையம் அசையாமல் நின்றால் பிரீவீல்.

வித்தியாசம் பெரிது. பிரீவீல் ஹப்பில் வலப்பக்கப் பால்ரஸ் பிரேமில் இருந்து வெகு உள்ளே இருக்கும். அந்த இடைவெளியில் அச்சுக்கு ஆதாரம் இல்லை. 8 பல்சக்கர அடுக்கில் அந்த நீளம் இன்னும் கூடும். ஆள் பாரமும் கேரியர் பாரமும் சேர்ந்தால் அச்சு வளையும், சில நேரம் ஒடியும். கேசட் ஹப்பில் பால்ரஸ் வெளி விளிம்பு வரை வருவதால் அந்தத் தொல்லை இல்லை.

பிரீவீல்தான் என்றால் பின் சக்கரத்தையே மாற்றச் சொல்வேன்: 135 மி.மீ. அகல கேசட் ஹப், டிஸ்க் மாட்டும் வகை, இரட்டைச் சுவர் ரிம், கிடைத்தால் 36 கம்பி. 8 அடுக்கு கேசட் 11–32 போட்டால் இப்போதுள்ள கியர் மாற்றியே வேலை செய்யும். பழைய டிஸ்க்கின் ஆறு போல்ட்டைக் கழற்றிப் புதியதில் மாட்டலாம். டிஸ்க் இருக்கும் இடம் இம்மி மாறும், ஆகவே பிரேக்கின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, அசையாத பேடை ஒட்டி வைத்து மறுபடி நேர்ப்படுத்தணும். மாவட்டத்துக் கடைகளில் அச்சு அசலாக இது கையிருப்பில் இருக்காது, ஆர்டர் போட்டுத்தான் வரும். இந்த வாரமே சொல்லிவையுங்க.

குளச்சல்_ஹைபிரிட்:

பிரீவீல்தான். நடு வளையம் அசையவில்லை. சக்கரத்துக்குச் சொல்லிவிட்டேன். கேரியர், பை, கருவி, விளக்கு பற்றியும், திரும்பி வர ரயிலில் ஏற்றுவது பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

முட்டம்_உப்புக்காத்து:

தை மாசத்துல வடகிழக்குக் காத்து தம்பி, நீங்க போறதும் வடகிழக்கு. வழி முழுக்க எதிர்காத்துதான். அதனால ரெண்டு பக்கமும் பெட்டி மாதிரி விரிஞ்ச பை வேண்டாம். கேரியர் மேல நீளவாக்குல ஒரு பை, பிரேம் நடுவுல ஒரு பை, இதுல 7 கிலோவுக்குள்ள அடங்கணும். கனமானது கீழயும் நடுவுலயும். காத்து வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும், காலையில 5 மணிக்குக் கிளம்பி 11க்குள்ள அன்னைய தூரத்துல முக்கால்வாசியை முடிச்சிருங்க. எதிர்காத்துல ‘இத்தனை கி.மீ. வேகம்’னு பிடிவாதம் பிடிக்காம, ரெண்டு கியர் இறக்கிக் காலை நிமிசத்துக்கு 80 சுத்துல வச்சுக்கிடுங்க. முழங்கால் தப்பும்.

டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்குக் கேரியர் கால் பிரேக்குல இடிக்கும். அதுக்கு இடைக்கட்டை வச்சு நீள போல்ட்டு போடுவாங்க. இடைக்கட்டை நீளம் கூடக்கூட எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட்டு வளைஞ்சு ஒடியும். டிஸ்க்குக்குன்னே கால் வெளிய வளைஞ்சு வர்ற கேரியர் கேட்டு வாங்குங்க. மரைக்குப் பூட்டுப் பசை, முதல் 50 கி.மீ.ல ஒருக்கா இறுக்கம் பாக்கணும். மாத்து போல்ட்டு ரெண்டு, பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒரு பத்து.

கருவி: 4, 5, 6 மி.மீ. அலன் கீ, டிஸ்க் போல்ட்டுக்கு நட்சத்திர முனை உள்ள டி25 கீ, செயின் வெட்டும் கருவி, 8 அடுக்குச் செயின் பூட்டு ரெண்டு, டயர் லிவர் மூணு, பம்பு, உள் கேபிள் கியருக்கு ஒண்ணு பிரேக்குக்கு ஒண்ணு, ஒரு ஜோடி பேடு. பின் கியர் தொங்குற சின்ன அலுமினியக் கொக்கி உங்க மாடலுக்குன்னே தனி. சைக்கிள் கீழ சாஞ்சா முதல்ல வளையுறது அதுதான், ஊர் ஊராத் தேடினாலும் இன்னொண்ணு கிடைக்காது. அதை இப்பவே வாங்கிப் பையில போட்டுருங்க. மோட்டார் சைக்கிள் மாதிரி தடிச்ச வால்வு உள்ள டியூப்னா எந்தப் பஞ்சர் கடையிலும் காத்து அடிக்கலாம், ஆனா கம்பிரஸர்ல தொட்டுத் தொட்டு எடுக்கணும், பிடிச்சுக்கிட்டே நின்னா டியூப் வெடிச்சிரும். மெல்லிய வால்வுன்னா அதுக்கு மேல திருகுற பித்தளை மூடி ஒண்ணு வேணும்.

பின் விளக்கைச் சீட்டுக்கு அடியில மாட்டினா பை மறைக்கும். கேரியரோட கடைசிக் கம்பியில மாட்டுங்க.

தோவாளை_காற்று:

ஒத்திகைக்கு: நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, கன்னியாகுமரி, திரும்ப நாகர்கோவில். அறுபது எழுபது கி.மீ. சுற்று. எந்த மாதமானாலும் ஒரு பக்கம் எதிர்காற்று, ஒரு பக்கம் பக்கக்காற்று கிடைக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் பையைக் காற்று பிடித்துத் தள்ளுவதும் தெரிந்துவிடும். முழுச் சாமானோடு இரண்டு தடவை சுற்றி, ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் கம்பிச் சுருதியையும் கேரியர் போல்ட்டையும் பாருங்க. புதுச் சக்கரம் முதல் சுற்றில் கொஞ்சம் தளரும், அதை இறுக்கியபின்தான் கிளம்பணும்.

ரயிலுக்கு: எழும்பூரில் இருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மாதிரி கடைசி நிறுத்தம் நம் பக்கம் இருக்கும் வண்டியாகப் பாருங்க. நடுவில் இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷன் என்றால் சாமான் பெட்டியில் இருந்து இறக்குவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். பயணச்சீட்டோடு இரண்டு மணி நேரம் முன்னால் பார்சல் அலுவலகம் போய், உங்களோடு அதே வண்டியில் வரும் லக்கேஜ் என்று பதியுங்க. பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிப் பிரேமோடு கட்டி, பின் கியர்க் கொக்கியை அவிழ்த்துக் கியரை உள்பக்கம் துணி சுற்றிக் கட்டுங்க. சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க் பேடுகளுக்கு நடுவில் ஒரு மடித்த அட்டை. பெயரும் சேருமிடமும் அழியாத மையில் இரண்டு பக்கமும். கழற்றிய பெடலும் போல்ட்டும் பார்சலில் வேண்டாம், கைப்பையில் வரட்டும்.